தனியாக ஒரு பெண், மூன்று நாள், சுவான்சௌ நகரம்: அனுபவமும் கேள்விகளும்

பதிவு 1 — நெய்தல்வழி (பினாங்கு)

அனைவருக்கும் வணக்கம். கடந்த நவம்பரில் சீனாவின் புஜியான் மாகாணத்தில் உள்ள சுவான்சௌ நகருக்கு நான் மட்டும் சென்று, மூன்று பகலும் மூன்று இரவும் தங்கித் திரும்பினேன். பெயர் ஒத்திருப்பதால் இதனைக் குவாங்சௌ என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். அது தென்மேற்கே உள்ள வேறொரு பெருநகரம். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. இதற்கு முன் தனியாக வெளிநாட்டுக்குச் சென்றதில்லை. இந்தக் களத்தில் பெய்ஜிங், சியான் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது, சுவான்சௌ பற்றி எதுவும் இல்லை என்பதால் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

சோங், யுவான் அரச மரபுகளின் காலத்தில் (பத்தாம் நூற்றாண்டு முதல் பதினான்காம் நூற்றாண்டு வரை) இது ஆசியாவின் மிகப் பெரிய துறைமுகங்களுள் ஒன்று. 2021-இல் யுனெஸ்கோ இந்நகரையும் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த 22 இடங்களை உலக மரபுச் சொத்தாக அறிவித்தது. பத்தாம் நூற்றாண்டில் நகர மதிலைச் சுற்றி நடப்பட்ட மரங்களின் சீனப் பெயரிலிருந்தே அரபு வணிகர்கள் இதனைச் ‘சைத்தூன்’ என்று அழைத்தார்கள். அந்த மரம் வேறொன்றுமில்லை, நம் வீட்டு வேலியில் நிற்கும் கல்யாண முருங்கைதான். அதன் சிவந்த பூ இன்றும் இந்நகரின் மலராக இருக்கிறது. இதை அறிந்த அன்றுதான் அங்கே போக வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

சியாமென் வரை விமானத்தில் சென்று, அங்கிருந்து விரைவு ரயிலில் ஏறினால் ஏறக்குறைய அரை மணி நேரத்தில் சுவான்சௌவை அடைந்துவிடலாம். பழைய நகரின் மேற்குத் தெருவுக்கு அருகில் அறை எடுத்திருந்தேன். அத்தெருவின் நடுவில்தான் கைய்யுவான் பௌத்த ஆலயம் இருக்கிறது. 686-இல் தோன்றிய அந்த ஆலய வளாகத்தில், பதின்மூன்றாம் நூற்றாண்டில் முழுவதும் கல்லால் எழுப்பப்பட்ட இரண்டு கோபுரங்கள் நிற்கின்றன. கிழக்குக் கோபுரம் ஏறக்குறைய 48 மீட்டர், மேற்குக் கோபுரம் 44 மீட்டர். எல்லோரும் அவற்றையே அண்ணாந்து பார்க்கிறார்கள். நானும் பார்த்தேன். ஆனால் நான் சென்றது பெரிய மண்டபத்தின் பின்புறத்துக்காக.

மண்டபத்தைச் சுற்றிக்கொண்டு பின்புறத் தாழ்வாரத்துக்குச் சென்றால், பதினாறு பட்டை கொண்ட இரண்டு கல் தூண்கள் தெரியும். அவற்றில் வட்டம் வட்டமாகச் செதுக்கப்பட்டிருப்பவை நம் கதைகள். இரணியனை மடியில் கிடத்திய நரசிம்மர் இருக்கிறார். முதலை பற்றிய யானையைக் காக்க வந்த திருமால் இருக்கிறார். இரட்டை மரத்தின் நடுவே கண்ணன் இருக்கிறான். மரத்தின் மேலே சேலைகளோடு அமர்ந்திருக்கும் கண்ணனைக் கீழிருந்து கைகூப்பிக் கேட்கும் பெண்கள் இருக்கிறார்கள். சேலையைத் திருப்பிக் கேட்கும் அந்தப் பெண்களின் முகத்தைச் சீனத்து மண்டபம் ஒன்றின் பின்புறத்தில் பார்த்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. அங்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றிருந்தேன். கூட யாராவது வந்திருந்தால் பத்து நிமிடத்தில் “போகலாமா?” என்று கேட்டிருப்பார்கள். தனியாகச் சென்றதன் பயனை அப்போதுதான் முழுமையாக உணர்ந்தேன்.

மண்டப மேடையின் அடிப்பகுதியிலும் மனிதத் தலையும் சிங்க உடலும் கொண்ட உருவங்கள் வரிசையாகப் பதிக்கப்பட்டுள்ளன. அவற்றையும் தவறவிட வேண்டாம். கேள்விகள் இருந்தால் கேளுங்கள், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பதிவு 2 — கல்லெழுத்து (மதுரை)

அம்மா, மிக நல்ல பதிவு. இந்தத் தூண்களின் படம் இணையத்தில் பரவும்போதெல்லாம் “சீனாவில் தமிழர் கட்டிய கோவில்” என்ற தலைப்போடு பரவுகிறது. அது சரியன்று என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். கைய்யுவான் தொடக்கம் முதல் பௌத்த ஆலயம். நகரின் தென்பகுதியில் இருந்து பின்னர் அழிந்துபோன வேறொரு கோவிலின் கற்களே இவை என்பதும், யுவானுக்கு அடுத்து வந்த மிங் அரச மரபின் காலத்தில் இந்த மண்டபத்தைச் செப்பனிட்டபோது இங்கே கொண்டுவந்து பொருத்தப்பட்டன என்பதும் ஆய்வாளர் பொதுவாக ஏற்கும் கருத்து.

அந்தக் கோவில் இருந்ததற்கு உறுதியான சான்று, 1956-இல் அந்நகரில் கண்டெடுக்கப்பட்ட தமிழ்க் கல்வெட்டு. சகம் 1203, சித்திரை மாதம், அதாவது கி.பி. 1281 ஏப்ரல். சம்பந்தப் பெருமாள் என்னும் தவச்சக்கரவர்த்திகள், செகசைக் கானின் திருமேனி நலத்துக்காக, அந்தக் கானின் பரிமான்படி, திருக்கதலீஸ்வரம் உடைய நாயனாரை எழுந்தருளச் செய்தார் என்பது அதன் செய்தி. தமிழ் வரிகளின் முடிவில் ஒரு சீன வரியும் உள்ளது. ‘பரிமான்’ என்பது பாரசீகச் சொல்லாகிய ‘ஃபர்மான்’, அரச ஆணை. மங்கோலியப் பேரரசரின் ஆட்சியில், சீனத் துறைமுகத்தில், பாரசீகச் சொல்லைத் தமிழில் எழுதிச் சிவனை நிறுவியிருக்கிறார்கள். செகசைக் கான் குப்லாய் கானே என்று பலரும், வேறொருவர் என்று சிலரும் கருதுகிறார்கள்.

அதே 1281-இன் தொடக்கத்தில் குப்லாயின் தூதர் யாங் திங்பி இதே சுவான்சௌவிலிருந்து கப்பலேறி, ஈழத்தைத் தொட்டு, பாண்டியர் ஆண்ட மாபார் கரைக்கு வந்து சேர்ந்தார் என்று சீன அரச வரலாறு குறிக்கிறது. அங்கே ஒரு தமிழர் கானுக்காகச் சிவனை எழுந்தருளச் செய்துகொண்டிருந்த அதே வேனிலில், இங்கே கானின் தூதர் நம் கரையில் இறங்கிக்கொண்டிருந்தார்.

தூண்களைச் செதுக்கியவர்கள் யார் என்பதிலும் கவனம் வேண்டும். அதே தூண்களின் மற்ற வட்டங்களில் பந்து விளையாடும் சிங்கங்களும் சீன மலர்க் கோலங்களும் இருக்கின்றன. கதையும் அமைப்பும் நம்முடையவை. உளி பிடித்த கை பெரும்பாலும் அவ்வூர்க் கல்தச்சருடையது. அதனால் நம் பெருமை குறைவதாக நான் கருதவில்லை. கண்ணனை முன்பின் அறியாத ஒரு சிற்பிக்கு யாரோ ஒரு வணிகர் அருகில் நின்று கதை சொல்லியிருக்க வேண்டும்.

பதிவு 3 — புதுப்பயணி (கோயம்புத்தூர்)

அக்கா, உங்கள் பதிவைப் படித்த பின் எனக்கும் ஆசை வந்துவிட்டது. எனக்கு முப்பத்தொரு வயது, திருமணம் ஆகவில்லை, தனியாகத்தான் செல்வேன். இரவில் வெளியே நடக்க முடியுமா? நான் சைவம், சாப்பாட்டுக்கு என்ன செய்வது? சீன மொழி ஒரு சொல்லும் தெரியாது. உங்களுக்கு ஏதேனும் சிக்கல் நேர்ந்ததா? மறைக்காமல் சொன்னால் வீட்டில் பேச உதவியாக இருக்கும்.

பதிவு 4 — நெய்தல்வழி (பினாங்கு)

தங்கைக்கு, மறைக்க எதுவும் இல்லை. ஒரு சிக்கல் நேர்ந்தது, அதையே முதலில் சொல்கிறேன்.

நான் முன்பதிவு செய்திருந்த தங்குவிடுதிக்கு இரவு ஒன்பது மணி அளவில் போய்ச் சேர்ந்தபோது, வெளிநாட்டுக் கடப்பிதழைப் பதிவு செய்யும் வசதி தங்களிடம் இல்லை என்று சொல்லி அறை தர மறுத்துவிட்டார்கள். வெளிநாட்டவர் தங்கும் இடத்தை 24 மணி நேரத்துக்குள் காவல் துறையில் பதிவு செய்ய வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். அந்த வேலைக்கு அஞ்சிச் சிறிய விடுதிகள் ஒதுங்கிக்கொள்கின்றன. பெட்டியோடு தெருவில் நின்ற அந்தச் சில நிமிடங்கள் உண்மையிலேயே பயமாக இருந்தன.

பக்கத்துத் தேநீர்க் கடையில் அமர்ந்திருந்த வயதான அம்மையார் ஒருவர் என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். அது மாண்டரின் இல்லை, அந்தக் கரையின் மக்கள் பேசும் ஹொக்கியன். பினாங்கில் பிறந்து வளர்ந்தவள் என்பதால் சந்தையில் பேசும் அளவுக்கு எனக்கு ஹொக்கியன் தெரியும். நான் அம்மொழியில் பதில் சொன்னதும் அவர் வியந்து எழுந்தே நின்றுவிட்டார். எங்கள் ஊர் ஹொக்கியனில் மலாய்ச் சொற்கள் கலந்திருக்கும்; நான் பணத்துக்கு ‘லூய்’ என்றபோது அவருக்குப் புரியவில்லை, சவர்க்காரத்துக்குச் ‘சாப்புன்’ என்றபோது அவரும் அதையே சொன்னார். அவர் தம் மருமகளை அழைத்து, இரண்டு தெரு தள்ளி வெளிநாட்டவரை ஏற்கும் விடுதிக்கு என்னை அனுப்பிவைத்தார். அதற்கு முன் ஒரு சிறு குவளையில் ஊற்றிக் கொடுத்தது ‘தே’. தேயிலை என்ற நம் சொல்லின் முன்பாதி இந்தக் கரையின் மொழியிலிருந்து புறப்பட்டுக் கடல்வழியே உலகம் சுற்றியது என்பதை நான் படித்திருக்கிறேன். அந்த இரவில் அதை அந்த அம்மையாரின் வாயிலிருந்து கேட்டேன்.

ஆகவே ஒரு வேண்டுகோள். முன்பதிவு செய்யும்போதே வெளிநாட்டுக் கடப்பிதழை ஏற்பார்களா என்று எழுதிக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் இரவு இருட்டுவதற்கு முன் போய்ச் சேருங்கள்.

இரவு நடமாட்டத்தைப் பொறுத்தவரை, மேற்குத் தெருவில் பத்து மணிக்கும் குடும்பங்களும் இளம்பெண்களும் இருந்தார்கள். என்னை யாரும் பின்தொடரவோ, தகாத முறையில் பேசவோ இல்லை. சிலர் படம் எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டார்கள்; வேண்டாம் என்று தலையசைத்தால் விட்டுவிடுகிறார்கள். நான் உண்மையில் அஞ்சியது மின்சார ஸ்கூட்டர்களுக்குத்தான், சத்தமே இல்லாமல் பின்னால் வந்துவிடுகின்றன. சந்துகளில் நடக்கும்போது காதில் எதையும் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

பணமாகக் கொடுப்பவர்கள் மிகக் குறைவு. அலிபேயையோ வீசாட்டையோ ஊரிலேயே கைப்பேசியில் இறக்கி, உங்கள் அட்டையை இணைத்து, அடையாளச் சரிபார்ப்பையும் முடித்துவிட்டுச் செல்லுங்கள். கூகுளும் வாட்ஸ்அப்பும் அங்குள்ள இணையத்தில் இயங்கா. உங்கள் நாட்டு எண்ணின் ரோமிங் சேவையில் சென்றால் இயங்கும். மலேசியர்களுக்கு இப்போது முப்பது நாள் வரை விசா தேவையில்லை. இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் முன்கூட்டியே விசா பெற வேண்டும். வேறு நாட்டுக்குச் செல்லும் வழியில் பத்து நாள் விசா இன்றித் தங்கும் திட்டத்தில் இந்தியா இல்லை என்பதால் அதை நம்பிப் புறப்பட வேண்டாம்.

சாப்பாடு சைவர்களுக்குச் சற்றுக் கடினம்தான். கடலோர ஊர் என்பதால் எதிலும் சிப்பியோ இறாலோ பன்றியோ சேர்ந்துவிடும். காலையில் எல்லோரும் உண்ணும் மெல்லிய சேமியாக் கூழின் சாறுகூடப் பெரும்பாலும் சைவம் இல்லை. பௌத்த ஆலயங்களை ஒட்டி இருக்கும் சைவ உணவகங்களைத் தேடுங்கள். ‘சைவம்’ என்பதற்கான சீன எழுத்தைக் கைப்பேசியில் படமாக வைத்துக்கொண்டு காட்டுங்கள். வெயிலுக்குக் கடற்பாசியில் செய்த குளிர்ந்த பண்டம் ஒன்று கிடைக்கும். நம் கடற்பாசியேதான், தேன் ஊற்றித் தருவார்கள்.

பதிவு 5 — ஈப்போவாசி (ஈப்போ)

சகோதரியின் பதிவு பயனுள்ளது, ஆனால் ஒன்றில் மாறுபடுகிறேன். மூன்று நாளில் ஒரு மரபு நகரைப் பார்த்துவிட்டேன் என்று சொல்ல முடியுமா? நான் 2018-இல் ஒரு வாரம் தங்கினேன், அப்போதும் போதவில்லை. 1053 முதல் 1059 வரை கட்டப்பட்ட லோயாங் பாலத்தில் மட்டும் ஒரு நாள் செலவிடலாம். ஓதம் ஏறி இறங்கும் முகத்துவாரத்தில், தூண்களின் அடிக்கற்கள் பிரியாதிருக்க அவற்றின் மேல் உயிருள்ள சிப்பிகளை வளர்த்துப் பிணைத்தார்கள். அந்தப் பொறியியலை நின்று பார்க்காமல் சுவான்சௌ முழுமை பெறாது. பாரசீகத்தில் மாணி என்பவர் தோற்றுவித்த மாணி சமயத்தின் எஞ்சிய ஆலயமான சாவோஆன் நகருக்கு வெளியே சின்சியாங்கில் உள்ளது. அங்கே 1339-இல் செதுக்கிய மாணியின் உருவம் ஒளியின் புத்தராக இன்றும் வழிபடப்படுகிறது. இவற்றை எல்லாம் விட்டுவிட்டு அண்மைக் காலமாக எல்லோரும் சுன்பூ மீனவர் ஊருக்குச் சென்று வாடகைக்கு உடையும் தலைப்பூவும் அணிந்து படம் எடுத்துத் திரும்புகிறார்கள். ஒரு சமூகத்தின் பெண்கள் காலங்காலமாகப் பேணிய அலங்காரம் கடைச் சரக்காகிவிட்டது என்பது என் வருத்தம். சகோதரி அங்கே சென்றீர்களா?

பதிவு 6 — நெய்தல்வழி (பினாங்கு)

ஐயா, லோயாங் பாலத்துக்கு நான் செல்லவில்லை என்பது குறைதான், ஒப்புக்கொள்கிறேன். சாவோஆனுக்கும் நேரம் போதவில்லை. ஆனால் விடுப்பும் பணமும் அளவாக உள்ள பெண்ணுக்கு மூன்று நாள்தான் கிடைக்கும் என்றால், ஒரு வாரம் கிடைக்கும் வரை காத்திரு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பத்து இடங்களைத் தொட்டுவிட்டு ஓடாமல், மூன்று நான்கு இடங்களில் கால் ஊன்றி நின்றால் போதும் என்பது என் கருத்து. முதல் முழுநாளில் கைய்யுவானும், அதே வளாகத்தில் உள்ள பழங்கப்பல் கூடமும் மட்டுமே பார்த்தேன். 1974-இல் ஹௌசூ துறையில் சேற்றுக்குள்ளிருந்து எடுக்கப்பட்ட அந்தச் சோங் காலக் கப்பலின் அடிப்பகுதி 24 மீட்டர் நீளம். உள்ளே பதின்மூன்று அறைகள். நறுமணக் கட்டைகளோடு மிளகும் பாக்கும் சோழியும் அதில் கிடைத்தன. மிளகையும் பாக்கையும் பெயர்ப் பலகையில் படித்தபோது என் பாட்டியின் வெற்றிலைச் செல்லம் நினைவுக்கு வந்தது.

இரண்டாம் நாள் கடல்சார் வரலாற்று அருங்காட்சியகத்துக்குச் சென்றேன். திங்கட்கிழமை மூடியிருக்கும் என்பதைக் கவனத்தில் கொள்ளுங்கள். சிவலிங்கத்தை யானை வழிபடும் புடைப்புச் சிற்பம், அரபு எழுத்துக் கல்லறைகள், சிலுவையும் தாமரையும் சேர்ந்த கிறித்தவக் கற்கள் எல்லாம் அங்கே ஒன்றாக இருக்கின்றன. மாலையில் 1009-இல் தோன்றிய சிங்சிங் பள்ளிவாசலைப் பார்த்தேன். அதிலிருந்து சில அடி தள்ளிக் குவான்யூவே ஆலயத்தில் ஊதுபத்திப் புகை மண்டிக்கொண்டிருந்தது. சோங்சான் சாலையில், பினாங்கில் நாங்கள் அஞ்சடி என்று சொல்லும் தாழ்வாரத்தோடு கூடிய கடைவீடுகளின் வரிசையைக் கண்டபோது, எங்கள் ஊருக்கும் இந்த ஊருக்கும் உள்ள உறவு புரிந்தது.

சுன்பூவுக்கும் மூன்றாம் நாள் காலையில் சென்றேன். அதைப் பற்றி எழுதத் தயங்கியே முதல் பதிவில் விட்டுவிட்டேன். நீங்கள் கேட்டதால் எழுதுகிறேன்.

நீங்கள் சொன்ன வணிகம் அங்கே இருக்கிறது. தெரு நெடுகக் கடைகள், பெரும்பாலும் செயற்கைப் பூக்கள். ஆனால் சிப்பி ஓடுகளை அடுக்கிக் கட்டிய சுவர்களை உடைய உட்சந்துகளுக்குள் சென்றால், வாசலில் அமர்ந்து சிப்பி உடைக்கும் மூதாட்டிகளின் தலையில் உண்மையான பூ இருக்கிறது. பின்கொண்டையின் குறுக்கே ஒரு ஊசி, அதைச் சுற்றி அரும்புகளைக் கோத்த சரங்கள் வளையம் வளையமாக. எழுபது எண்பது வயதுப் பெண்கள், சேற்றுக் கையோடு வேலை செய்துகொண்டே, தலை நிறையப் பூவோடு இருந்தார்கள். நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

என் கணவர் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. பூ வைக்கக் கூடாது என்று என்னிடம் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் கோவில் வாசலில் பூக்காரர் மற்ற பெண்களிடம் நீட்டும் முழத்தை என்னிடம் நீட்டுவதில்லை. நானும் கை நீட்டுவதில்லை. அந்தச் சந்தில் ஒரு மூதாட்டி என்னைக் கையசைத்து அழைத்து, முக்காலியில் அமரச் சொல்லி, என் முடியை வாரி முடிந்து, ஒரு சரத்தைச் சுற்றி வைத்தார். நான் யாரோடு வந்தேன், எனக்குத் திருமணம் ஆயிற்றா, கணவர் எங்கே என்று எதையும் அவர் கேட்கவில்லை. “அழகு” என்று ஹொக்கியனில் ஒரே ஒரு சொல் சொன்னார். பணம் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். அது வணிகமாகவே இருக்கட்டும் ஐயா. அந்தச் சரம் மல்லிகை. ரயிலில் சியாமென் போய்ச் சேரும் வரை நான் அதை எடுக்கவில்லை.

பதிவு 7 — ஈப்போவாசி (ஈப்போ)

சகோதரி, நான் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். கடைத்தெருவைப் பார்த்துவிட்டுச் சந்துக்குள் நுழையாமல் திரும்பியவன் நான்தான். என் மூத்த அக்காளும் உங்கள் நிலையில் இருப்பவர். அவருக்கு இந்தப் பதிவைப் படித்துக் காட்டினேன். கேட்டு முடித்ததும் அந்த ஊருக்கு எப்படிப் போவது என்று கேட்டார்.

பதிவு 8 — கல்லெழுத்து (மதுரை)

அம்மா, கல்வெட்டைப் பற்றி எழுதிய எனக்கு உங்கள் பதிவுக்குப் பின் எழுதச் சொற்கள் குறைவு. ஒரு செய்தியை மட்டும் சேர்க்கிறேன். சுவான்சௌவுக்குத் தெற்கே, சின்சியாங்கைச் சேர்ந்த ஒரு சிற்றூரில், நான்கு கைகளோடும் காலடியில் ஓர் உருவத்தோடும் அமர்ந்திருக்கும் ஒரு பெண் தெய்வத்தின் பழங்கற்சிலை உள்ளது. நம் அம்மன் திருவுருவம் என்று ஆய்வாளர் அடையாளம் கண்ட அச்சிலையை அவ்வூரார் பௌத்தர்களின் கருணைத் தெய்வமான குவான்யின் என்று சொல்லி ஊதுபத்தி ஏற்றி வழிபடுகிறார்கள். நகரில் கிடைத்த கற்களில் பல காட்சிக்கூடத்துக்குப் போய்விட்டன. இந்த ஒருத்திக்கு மட்டும் வழிபாடு நிற்கவில்லை.

பதிவு 9 — புதுப்பயணி (கோயம்புத்தூர்)

அக்கா, அம்மாவிடம் உங்கள் நான்காம் பதிவையும் ஆறாம் பதிவையும் படித்துக் காட்டினேன். விசாவுக்கு வேண்டிய தாள்களைச் சேர்க்கத் தொடங்கிவிட்டேன். மார்ச் மாதம் செல்ல எண்ணம். கல்யாண முருங்கை பூத்திருக்கும் காலம் அதுதானே? இன்னும் ஒரே ஒரு கேள்வி. சுன்பூவில் அந்தச் சந்து எங்கே இருக்கிறது?

பதிவு 10 — நெய்தல்வழி (பினாங்கு)

வசந்தத்தில்தான் பூக்கும் தங்கை, நல்ல காலத்தில் போகிறீர்கள். சந்துக்குப் பெயர்ப் பலகை எதுவும் நான் பார்க்கவில்லை. உடை வாடகைக்குத் தரும் கடைகள் முடியும் இடம் வரை நடந்து, சிப்பி ஓட்டுச் சுவர் தெரிந்ததும் உள்ளே திரும்புங்கள். காலை ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள்; நான் அங்கிருந்து புறப்பட்டபோது பத்து மணி, அதற்குள் அந்த மூதாட்டியின் கூடையில் மல்லிகை தீர்ந்துவிட்டிருந்தது.